விருந்துக்குக் கூப்பிட்ட கேள்வி

முப்பது தாண்டினால் கிழம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாம்தான். இப்போது நமக்கே முப்பது தாண்டிவிட்டது. எனக்குக் காதோரம் வெளுத்து நான்கைந்து வருடமாகிறது. சாயத் தண்ணீரில் குளித்து வளர்ந்த தலை, அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே கிழவிக்குரிய உரிமையோடு இதைச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்கள் கேட்டால் போதும். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சின்னவர்களுக்கோ எஃப்.எம். என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நேரம் குறித்து மின்சாரத்தை நிறுத்திய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் எங்கள் பக்கத்துக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கரண்ட் கிடையாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மின்விசிறி நின்ற நேரம். குமாரபாளையத்துக்காரர்களுக்கு அது காது திறக்கிற நேரம். விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் காக்கை கத்துவதும், பக்கத்து வீட்டில் தோசை திருப்புவதும், யாரோ மூக்கைச் சிந்துவதும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் கேட்கும். ஒன்பதடித்ததும் தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாகக் கிளம்பும். அப்புறம் எல்லோரும் பழையபடி கத்திப் பேசத் தொடங்குவோம்.

தறி ஊர்க்காரர்கள் கத்திப் பேசுவது ஊரறிந்த விஷயம். பவானிப் பாலத்தைத் தாண்டி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் பந்தி எது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் பட்டறைக்குள்ளே கதை வேறு. அங்கே கத்தினாலும் கேட்காது. ஆகையால் பெண்கள் குரலே எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். இந்தத் தறியிலிருந்து நான்காவது தறிக்கு முழுக் குடும்பக் கதையும் போய்ச் சேரும். சின்ன வயதில் அதைப் பார்த்தபோது பட்டறைக்குள் மட்டும் விளையாடுகிற ஏதோ ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இருந்தது பத்து வீட்டு லைன். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறைகள், முன்னால் ஒரு நீள வாசல், வாசலின் கோடியில் ஓர் அடிகுழாய். சந்துக்கு எதிர்ப்பக்கம் தறிப்பட்டறை. அம்மா அங்கே தறி ஓட்டினாள். லைனுக்குப் பின்பக்கம் சாயப்பட்டறை. அப்பா அங்கே நூலுக்குச் சாயம் போட்டார். இரண்டுக்கும் நடுவில் நான், எட்டாம் வகுப்பு, முழுப்பரீட்சை முடிந்த விடுமுறை.

எங்கள் வீட்டில் ஒரு சைனா செட்டு இருந்தது. அப்போது அந்த செல்போன் இல்லாத தெரு கிடையாது. செங்கல் அளவு கனம், பின்பக்கம் நான்கு ஸ்பீக்கர், தலையில் ஒரு டார்ச், இயர்போன் மாட்டாமலே பாடுகிற எஃப்.எம். அப்பாவின் முந்தைய செல்போன் சாயத் தொட்டிக்குள் விழுந்து மெரூன் நிறத்தில் வெளியே வந்ததிலிருந்து, புதிய செட்டை அவர் வேலைக்கு எடுத்துப் போவதில்லை. பகல் முழுக்க அது என் ராஜ்ஜியம். அம்மாவுக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தவிர வேறு எதுவும் தெரியாது.

காலை ஏழு மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி வரும். எங்கள் ஊருக்கு அந்த அலை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேரும். செட்டை எவர்சில்வர் குடத்தின் வாயில் சாய்த்து வைத்து ஜன்னல் ஓரத்தில் நிறுத்தினால் தெளிவாகக் கேட்கும். நிகழ்ச்சிக்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் ‘டீக்கடை’ என்றுதான் சொல்வோம். தனியார் எஃப்.எம்.மில் செய்தி வாசிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதனால் அந்தத் தொகுப்பாளர் செய்தி வாசிக்கவே மாட்டார். டீ ஆற்றுவார். கண்ணாடி டம்ளர் கிணுகிணுக்கும், பாய்லர் ‘உஸ்’ என்னும், ஒரு கட்டைக் குரல், “மாஸ்டரே, பேப்பர்ல என்னமோ போட்டிருக்கானாமே?” என்று ஆரம்பிக்கும். கட்டைக் குரலும் அவர்தான், மாஸ்டரும் அவர்தான். வெங்காய விலையிலிருந்து டெல்லி வரைக்கும் அந்த இரண்டு குரல்களும் பேசித் தீர்த்துவிடும். அரசியல்வாதிகளுக்குப் பெயர் கிடையாது. ‘பெரிய வேட்டி’, ‘சின்ன வேட்டி’, ‘கதர் துண்டு’, அவ்வளவுதான். எட்டரைக்கு ஒரு பிரபலம் வந்து உட்காருவார். சினிமாக்காரர், கிரிக்கெட்காரர், சில நாள் யாரென்றே தெரியாத ஒருவர். நேயர்கள் முதல் நாளே போன் செய்து பதிவு செய்த கேள்விகளைப் போட்டுத் தொகுப்பாளர் அவரிடம் பதில் வாங்குவார்.

எங்கள் லைனின் ஒன்பது வீட்டுப் பெண்களும் அந்த நேரத்தில் எங்கள் வாசலில்தான். கரண்ட் இல்லை, தறி இல்லை, கைக்கு வேலை காய் அரிவது மட்டும்தான். முதல் வீட்டு அக்காதான் தலைவி. அவளும் அம்மாவும் அடுத்தடுத்த தறி. அக்கா வீட்டில் மீன் வாங்கினால் முதல் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பேரின் தறியையும் அக்காவே ஓட்டிக் கொடுப்பாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத அம்மாவுக்கு அக்காதான் உடன்பிறப்பு. இதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சிநேகிதம் கண்ணில் படுவதே இல்லை.

அடிகுழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர் எங்கள் லைனுக்கு முறை வைத்துத்தான் வரும். கோடையில் அந்த முறையும் தள்ளிப் போகும். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அடிகுழாயையே நம்பியிருந்தோம். அதில் வருகிற தண்ணீருக்கு ஒரு சாயல் இருக்கும். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் தெரியும். ஒரு வாரம் இளஞ்சிவப்பு, ஒரு வாரம் புல் பச்சை. அப்பாவின் நகக்கண்ணில் என்ன நிறம் இருக்கிறதோ அது சில நாளில் அடிகுழாயிலும் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முதல் வீட்டு அக்காவின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தபோது அந்தப் பெருமை போய்விட்டது.

யார் யாரிடமோ மனு கொடுத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. டீக்கடைக்கு ஒரு நடிகர் வரப் போவதாகத் தொகுப்பாளர் நான்கு நாளாகத் தண்டோரா போட்டார். அந்த நடிகர் புதிதாகக் கட்சியில் சேர்ந்து ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் ஆற்று நீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு நீளமாக வசனம் பேசியவர். எங்கள் லைனில் அந்தக் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை.

“அவரையே கேட்டுப்போடலாம்” என்றாள் முதல் வீட்டு அக்கா. “ஊரே கேக்கும். அப்புறம் ஒருத்தனும் தலைய ஆட்டிட்டுப் போக முடியாது.”

“யாரு கேக்கறது?” என்றது ஒரு குரல்.

“நீ கேளு புள்ள” என்று அக்கா அம்மாவைக் கை காட்டினாள். “எங்களுக்கெல்லாம் ரெண்டாவது வார்த்தையில சண்டை வந்துரும். உனக்குத்தான் பதவிசாப் பேச வரும்.”

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அவள் பார்வை லைனுக்குப் பின்பக்கம் போனது. அக்கா மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அம்மா, “கேக்கறேனுங்க்கா” என்றாள்.

பத்து வீட்டு லைனில் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? அடுத்த நாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் நின்றார்.

“மொதலாளி கூப்பிட்டுக் கேட்டாரு. உன்ற ஊட்டுல ரேடியோவுல பேசப் போறாங்களாமேன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு. வேண்டாம் புள்ள. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.”

“கொழந்தைக்குத் தடிப்பு வந்திருக்குதுங்க. நம்ம கொழந்தைக்கு வந்தா?”

“தறிக்குத் திரும்பிப் போறதுக்கு எனக்கு நெஞ்சுல வலு இல்ல. சாயத்த விட்டா எனக்கு என்ன தெரியும், நீயே சொல்லு?”

அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. கோபக்காரர் இல்லை அவர். கோபம் வந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஆனால் அம்மா கேட்டாள். அடுத்த நாள் மாலை, அப்பா வருவதற்கு முன், கதவைச் சாத்திக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நேராகப் போன் செய்யப் பயமாக இருந்ததால் முதலில் செட்டிலேயே பேசிப் பதிவு செய்து போட்டுப் பார்த்தோம். முதல் தடவை அவள் போட்ட சத்தத்தில் நான்கு ஸ்பீக்கரும் கரகரத்தன. “மெதுவாம்மா, அவரு பக்கத்துல உக்காந்திருக்கறாப்ல நெனச்சுக்க” என்றேன். “பக்கத்துல ஆம்பள உக்காந்தா எனக்குப் பேச்சே வராது சாமி” என்றாள். சிரித்துச் சிரித்து மூன்று பதிவு வீணானது. நான்காவதுதான் நன்றாக வந்தது. மற்றதை அழித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டோம். பிறகு நிலையத்துக்குப் போன் போட்டு, ‘பீப்’ சத்தத்துக்குப் பிறகு அதையே சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

அதில் முதலில் வணக்கம், பிறகு எங்கள் லைனுக்குச் சாப்பிட வரச் சொல்லி ஓர் அழைப்பு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அழைப்பு வேண்டாம், நேராகத் தண்ணீரைக் கேள் என்று முதல் வீட்டு அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அம்மா கேட்கவில்லை. “எடுத்த எடுப்புல கொறை சொன்னா மரியாதையா இருக்காதுங்க்கா. வரச் சொல்லிப்போட்டு அப்புறம் சொல்லோணும்.” எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எதிரியே வாசலில் நின்றாலும் ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம்.

அந்தக் காலை வந்தது. பத்து வீடும் எங்கள் வாசலில் இருந்தது. குடத்தின் வாயில் செட்டு. அக்கா மடியில் குழந்தை. மூன்றாவது கேள்வியாக அம்மாவின் குரல் வந்தது.

“வணக்கமுங்க. நான் குமாரபாளையத்துல இருந்து பேசறேனுங்க. உங்க படம்னா எங்க லைன்ல அத்தன பேருக்கும் உசுருங்க. நீங்க ஒரு நாளைக்கு எங்க ஊட்டுக்குச் சாப்பிட வரோணுமுங்க. நாங்களே ஆக்கிப் போடறோமுங்க.”

அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை. தொகுப்பாளர் சிரித்தார். “அக்கா குமாரபாளையத்துலேர்ந்து கூப்பிட்டது போன் இல்லாமலே கேட்டிருக்கும் சார்!” நடிகரும் சிரித்தார். “கண்டிப்பா வர்றேம்மா. நாட்டுக்கோழி உண்டா?” பிறகு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது.

நேரம் போதாமல் வெட்டினார்களா, வேண்டுமென்றே வெட்டினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் வேலை அப்படி. பேச்சில் இனிப்பான துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிடுவது.

காய் அரிந்துகொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. குழந்தை மட்டும் சொறிந்துகொண்டிருந்தது.

“விருந்துக்கா கூப்பிட்ட?” என்றாள் அக்கா.

“இல்லீங்க்கா, கேட்டேன். எல்லாத்தையுங் கேட்டேன். வெட்டிப்போட்டாங்க.”

அக்கா நம்பத் தயாராகத்தான் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நடுப்பகலுக்குள் கெடுத்தது அல்வா. சாயப்பட்டறையிலும் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். முதலாளிக்கு மனம் குளிர்ந்துபோய், “உங்க ஊட்டம்மா நல்லாப் பேசுனாங்க” என்று அப்பாவின் கையில் அரைக் கிலோ அல்வாப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு அப்பா வாசல் நீளத்துக்கும் நடந்து வந்தார். பத்து வீடும் பார்த்தது.

சாயங்காலம் அக்கா எங்கள் கதவருகே வந்து நின்றாள். அப்பா இன்னும் வரவில்லை.

“கேட்டேங்கற. அப்புறம் அல்வா எதுக்கு வந்துச்சு?”

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “செட்டுல இருக்குதுங்க்கா. பேசிப் பாத்தது அப்படியே இருக்குது. நாளைக்குப் பாப்பா போட்டுக் காட்டுவா. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.”

“சரி” என்றாள் அக்கா. “கேட்டுட்டுச் சொல்றேன்.”

அன்று பொழுது சாயும்போது அப்பா வந்து வாசற்படியில் உட்கார்ந்து அல்வாவைத் தின்றார். மூன்று நாளாகச் சாப்பிடாத மனிதர். விரலில் நெய் வழிய, எனக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு துண்டு என்று பிட்டுக்கொண்டே, “உங்கம்மா எனக்காவ மாத்திப் பேசிட்டா, பாத்தியா?” என்று சிரித்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள், மறுத்துப் பேசவில்லை. நான் யோசித்தேன். அந்தப் பதிவை நாளைக்கு ஒன்பது வீடு கேட்கும். ஒன்பது வீடு கேட்டது பின்பக்கம் போகாமல் இருக்காது. முதலாளி மறுபடி சிரிப்பார். அப்பா மறுபடி சாப்பிட மாட்டார்.

செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ‘அழிக்கவா?’ என்று இங்கிலீஷில் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று மறுபடி கேட்டது. அதற்கும் ஆம் என்று அழுத்தினேன். சைனாக்காரன் எனக்கு யோசிக்க இரண்டு தடவை இடம் கொடுத்தான், அவனைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை அக்கா குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தாள். ஒன்பதடித்துத் தறிகள் கிளம்பிய பிறகுதான் வந்து அடிகுழாயடியில் என்னைப் பிடித்தாள். அன்று குழந்தைக்காக அவள் வேலைக்குப் போகவில்லை. எதிரே பட்டறைக் கதவு திறந்திருந்தது. கதவை ஒட்டிய முதல் தறியில் அம்மா நின்றிருந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சந்தும் இருபது தறிச் சத்தமும் இருந்தன. இவ்வளவு சத்தத்தில் அம்மாவுக்கு என்ன கேட்கும் என்ற தைரியம் எனக்கு.

அக்கா என் காதருகே வந்து கேட்டாள். “சாமி, செட்டப் போடு. உங்கம்மா பேசுனதக் காதுல வெச்சுக் கேக்கலாம்.”

“செட்டுல ஒன்னுமில்லீங்க்கா.”

“அம்மா இருக்குதுங்கறாளே?”

“ரேடியோவுல வந்ததுதானுங்க்கா அம்மா பேசுனது. வேற எதுவும் கேக்கல.”

அக்கா என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் ஏசவில்லை. அடுத்த நாள் காலையில் எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். டீக்கடை மாஸ்டர் குடத்தின் வாயில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேருக்கு மட்டும் டீ ஆற்றினார். மீன் கிண்ணம் நின்றது. பட்டறையில் அக்கா வேறு வரிசைத் தறிக்கு மாறிக்கொண்டாள். அம்மன் பண்டிகைக்கு லைன் பெண்கள் எல்லோரும் மஞ்சள் புடவை கட்டி, ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுக்கச் சேர்ந்து போவது வழக்கம். அந்த வருடம் ஒருவரும் எங்கள் கதவைத் தட்டவில்லை. அம்மா மஞ்சள் புடவையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகு எழுந்து தனியாகப் போனாள். குடம் எடுத்து வந்து அம்மனுக்கு ஊற்றிவிட்டு, திரும்பி வந்து புடவையை மடித்து வைத்தாள்.

செட்டில் அந்தப் பதிவைப் போடச் சொல்லி அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

மழைக்கு முன் வேறு லைனுக்குக் குடி போனோம். நடிகர் தோற்றாரா ஜெயித்தாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை, சாப்பிட வரவில்லை என்பது மட்டும் தெரியும். அக்காவின் குழந்தைக்குத் தடிப்பு ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டோம். அப்பா அந்தப் பட்டறை மூடும் வரைக்கும் அங்கேயே இருந்தார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை, அன்று அம்மா தனக்காகத்தான் மாற்றிப் பேசினாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். சைனா செட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும்.

இதை இப்போது சொல்லக் காரணம் போன மாதம் நடந்தது.

அம்மா இப்போது என்னோடு சேலத்தில் இருக்கிறாள். காது மந்தம் என்று எனக்குச் சந்தேகம், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த பெண் எதிரே உட்கார்ந்து பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், எத்தனை வருடம் தறி ஓட்டினீர்கள் என்று கேட்டாள். அம்மா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். நன்றாகத்தானே கேட்கிறது என்று நான் நினைத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு அதே கேள்விகளை மறுபடி கேட்டாள். அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“காது போய் ரொம்ப வருஷம் ஆகுதுங்க மேடம்” என்றாள் அந்தப் பெண் என்னிடம். “இவ்வளவு நாளும் உதட்டைப் பாத்தே சமாளிச்சிருக்காங்க. தறி ஓட்டினவங்க எல்லாரும் இப்படித்தான். சந்துக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினாக்கூடப் புரிஞ்சுக்குவாங்க.”

அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அந்தக் காலை கண் முன்னே வந்து நின்றது. அடிகுழாய், திறந்த பட்டறைக் கதவு, முதல் தறி.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றோம். ஹாரன் சத்தம், மூட்டை இறக்குகிறவர்கள் சத்தம். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, குரல் எடுக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். அன்னைக்கு அடிகுழாயடியில நான் அக்காகிட்ட சொன்னது உனக்குத் தெரியுமா?

“தெரியும்” என்றாள் அம்மா. அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. பஸ் முழுக்கக் கேட்டது.

ஏம்மா என்னைக் கேக்கல?

“என்னத்தக் கேக்கறது? உங்கப்பன் அல்வாவத் தின்னுட்டுச் சிரிச்சத நானுந்தான பாத்தேன். அவரு பக்கம் யாராச்சும் ஒருத்தர் நிக்கோணுமில்ல. நீ நின்ன.” ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா ஒம்பது ஊடு போயிருச்சு சாமி. அக்கா போயிருச்சு. அது எனக்கு இன்னும் ஆறல.”

நான் அழுதேன். வயது, பஸ், பக்கத்தில் யார், எதையும் பார்க்கவில்லை. அம்மா என் கையைப் பிடிக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் முகத்தைத் துடைத்த பிறகு, “நான் பேசுனது உனக்கு ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டாள்.

இருந்தது. நான் அழித்தது செட்டிலிருந்து மட்டும்தான். உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு சொம்பு தண்ணி என்று நான் சொன்னபோது தலையை அசைத்தாள்.

“சொம்பு இல்ல. டம்ளர். சொம்புன்னா அந்த மனுசனுக்கு முடியாதுன்னுதான் டம்ளருன்னு சொன்னேன்.”

பிறகு, நான் சொன்னது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்து அவளே சொன்னாள். இருபது தறிக்கு மேலே கேட்க வேண்டிய குரலில், ஒரு வார்த்தை பிசகாமல்.

“நீங்க ஒரு நாளைக்கு எங்க ஊட்டுக்குச் சாப்பிட வரோணுமுங்க. நாங்களே ஆக்கிப் போடறோமுங்க. ஆனா எங்க அடிகுழாய்த் தண்ணியிலதான் ஆக்கோணும். அது ஒரு நாளைக்குச் செவப்பா வருது, ஒரு நாளைக்குப் பச்சையா வருது. எங்க லைன்ல ஒரு கைக்கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுங்க. நீங்க படத்துல ஆத்துத் தண்ணிய அள்ளிக் குடிச்சதப் பாத்து நாங்க அழுதோமுங்க. எங்க தண்ணியும் ஒரு டம்ளர் குடிச்சுப் பாத்துப்போட்டு, அப்புறம் ஓட்டுக் கேக்கறீங்களா?”

கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றார். முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் முழுதாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

“குடிச்சாருங்களா?” என்று கேட்டார்.

அம்மா அவர் உதட்டைப் பார்த்தாள்.

“அவருக்குக் கேள்வியே போய்ச் சேரலீங்க” என்றாள்.